ஸ்கேட் பாடல் எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் கண்டுபிடிப்பா?

"ஸ்கேட் பாடும் முறையை எலா ஃபிட்ஸ்ஜெரால்ட்தான் கண்டுபிடித்தார், 1934இல் அப்போலோ அரங்கில் அப்படிப் பாடித்தான் பரிசு வென்றார்" என்று அமெரிக்க ஜாஸ் பாடகி எலாவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

சொல் இல்லாமல் வெறும் ஒலிகளால் பாடும் ஸ்கேட்டை, 1926இலேயே ஜாஸ் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங் இசைத்தட்டில் பாடிப் பிரபலமாக்கிவிட்டார். அப்போது எலாவுக்கு வயது ஒன்பதுகூட முழுதாக ஆகியிருக்கவில்லை! (ஆம்ஸ்ட்ராங்குக்கு முன்பும் பாடியவர்கள் உண்டு.)

நியூயார்க்கின் அப்போலோ அரங்கில், புதியவர்களுக்கான போட்டியில் நடந்தது வேறு கதை. பதினேழு வயது எலா நடனமாடத்தான் போனார். அவருக்கு முன்னால் ஆடிய சகோதரிகள் அரங்கையே அதிரவைத்துவிட, மிரண்டுபோய்ப் பாட்டுக்கு மாறினார். பாடியதும் தம் ஆதர்சப் பாடகி கோனி பாஸ்வெல்லின் பாணியில்தான்.

1935இல் டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் குழுவில் சேர்ந்தார். 1938இல் ஒரு மழலைப் பாடல் அவரை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டே வெப் இறந்துவிட, குழு எலாவின் பெயரில் 1942 வரை நடந்தது.

நாம் இன்று வியக்கும் அந்த ஸ்கேட் முதிர்ந்தது இதற்கெல்லாம் பிறகு, பீபாப் என்ற வேகமான புதிய ஜாஸ் பாணியின் காலத்தில். அந்தப் பாணியின் முன்னோடியான டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு பாடியபோது, டிரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்வதைக் குரலால் செய்து பார்த்தார். 1945இல் பதிவான 'ஃப்ளையிங் ஹோம்' கேளுங்கள்; வாத்தியக் குழுவில் இன்னொரு ஊதுகருவி சேர்ந்ததுபோல் இருக்கும். பிறவி வரம் என்று ஒரே வரியில் முடித்தால், அந்தப் பத்தாண்டு உழைப்பு எங்கே போகும்?