அடாப்டரால் ஷார்ப்னஸ் குறையாது

"கானாடுகாத்தான் வீடுகளை மிரர்லெஸ்ஸில் எடுக்கப் போகிறீர்களா? பழைய லென்ஸ்களை விற்றுவிடுங்கள், அடாப்டர் போட்டால் ஷார்ப்னஸ் போய்விடும்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் உள்ள கேமரா) லென்ஸை மிரர் இல்லாத புது கேமராவில் மாட்ட உதவும் கேனனின் சாதாரண இஎஃப்–ஆர்எஃப் அடாப்டர் வெறும் குழாய், உள்ளே லென்ஸ் கண்ணாடியே கிடையாது. கேனன் டிஎஸ்எல்ஆரில் மவுண்ட்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் இடம்) சென்சாருக்கு 44 மி.மீ., அதன் ஆர்எஃப் மிரர்லெஸ்ஸில் 20. மிச்சம் 24 மி.மீ.யை அது நிரப்புகிறது, அவ்வளவுதான்.

நிக்கான்காரர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்கணும். அவர்களுடைய எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) முக்காலி போட்டு ஆத்தங்குடித் தரைக்கல்லைப் படம் எடுப்பவருக்கு அது ஒரு குறையா? கல்யாணக் கூட்டம் என்றால், சரி, யோசிக்கலாம். லென்ஸுக்கு வைத்த பணத்தில் கணினிக்கு ரேமும் எஸ்எஸ்டியும் போடுங்கள். 45 மெகாபிக்சல் ரா (சுருக்காத மூலப்படக்) கோப்புகள் திணறுவது அங்கேதான்.