சிம்னிக்குப் பக்கத்தில் காற்று சுத்தமாக இருந்தால் போதுமா?

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நாட்டின் அனல்மின் நிலையங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடை இனிக் குறைக்க வேண்டியதில்லையாம். சிம்னி விதித்த உயரத்தில் இருந்தால் போதுமாம். இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

2015 டிசம்பரில் வரம்பு விதித்ததும் இதே அமைச்சகம்தான். இரண்டு வருடத்தில் முடிக்கச் சொன்னார்கள். அது 2022 ஆனது, 2024 ஆனது, 2027 ஆனது. கடைசியில் விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. நம் நிலக்கரியில் கந்தகம் அரை சதவீதம்தான். மின்நிலையத்தைச் சுற்றியுள்ள காற்றில் இந்த வாயு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. இரண்டும் பெருமளவு உண்மைதான். ஆனால் 500 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு ஏழெட்டாயிரம் டன் நிலக்கரி எரியும். அரை சதவீதம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள், தினமும் 70, 80 டன் வாயு வெளியே போகிறது. 275 மீட்டர் உயரத்தில் விடுகிற வாயு பக்கத்து ஊரில் அப்படியே இறங்காது. காற்றோடு போய், வழியில் அம்மோனியாவுடன் சேர்ந்து சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் யாரோ ஒருவர் நுரையீரலில் படியும். நிலையத்தில் சாம்பலைப் பிடிக்கிற ஈஎஸ்பி கருவியிலும் இது சிக்காது, அங்கே இது இன்னும் வாயு. அப்புறம் பக்கத்து ஊரில் மீட்டரை வைத்து அளந்து என்ன பயன்? பெருநகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் கட்டாயம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். புகைக்கு ஏது எல்லை?

இதைத் தடுக்கும் எஃப்ஜிடி, அதாவது புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் கருவி, ஒன்றும் புதிய தொழில்நுட்பம் இல்லை. சுண்ணாம்புக்கல்லை அரைத்துக் கரைத்துப் புகை மீது தெளித்தால் வாயுவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிடிபட்டு ஜிப்சமாகிவிடும். சிமெண்ட் ஆலைகளுக்கு அது தேவைப்படும் சரக்கு. மும்பை டிராம்பே நிலையத்தில் 1980களிலேயே கடல்நீரைக் கொண்டு இந்த வாயுவைக் கழுவினார்கள். எண்ணூரும் தூத்துக்குடியும் கடற்கரையில்தான் இருக்கின்றன.

செலவு உண்டு, மறுக்கவில்லை. தண்ணீர் வேண்டும், கருவியை ஓட்டக் கொஞ்சம் மின்சாரமும் வேண்டும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வரும் என்கிறார்கள். சரி, ஆனால் நிலக்கரியிலிருந்து வருவதற்கு முன்னால் அது மிகச் சொற்பம். யூனிட்டுக்கு 25, 30 பைசா கூடும் என்றால் என்னைப் போல் வசதி உள்ளவர்களிடம் வாங்குங்கள், ஏழை வீடுகளுக்கு மானியம் கொடுங்கள். இப்போது அந்தச் செலவை ஆஸ்துமா உள்ள குழந்தையின் பெற்றோர் ஆஸ்பத்திரியில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை, கருவி பொருத்தி முடித்த நிலையங்களாவது செலவைக் காட்டி அதை நிறுத்தி வைக்காமல் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சிம்னியிலும் அளக்கிற எண்களை அந்தந்த ஊர்க்காரர்கள் தினமும் தமிழில் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும்.