மாதம் முழுவதும் 7.4

மேலாளர்: நம் விடுதி வெந்நீர்த் தொட்டியின் தண்ணீரில் குறை இருக்க வழியே இல்லை, தம்பி. பதிவேட்டைப் பாருங்கள்: பி.எச். 7.4, காரத்தன்மை 100, கிருமி கொல்லும் புரோமின் 4 பி.பி.எம். முதல் தேதியிலிருந்து ஒரு புள்ளிகூட நகரவில்லை.

பராமரிப்பாளர்: பார்த்தேன், அண்ணாச்சி. இன்று 12ஆம் தேதி. 30ஆம் தேதி இரவு வரைக்கும் அது நகரப்போவதில்லை என்பதையும் பார்த்தேன்.

மேலாளர்: ஆள் வரும் நேரத்தில் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஒழிவாக இருந்த ஒரு மாலையில் மொத்தமாக எழுதி முடித்துவிட்டேன்.

பராமரிப்பாளர்: அப்படியென்றால் இது பதிவேடு அல்ல, பஞ்சாங்கம். எத்தனை மரக்கால் மழை என்று எழுதியிருந்தாலும் பிழிந்தால் ஒரு சொட்டு விழாது. உங்கள் வெந்நீர்த் தொட்டியில் சோதனைத் தாளை நனைத்தேன், பி.எச். 8.4, காரத்தன்மை 180, புரோமின் கட்டத்தில் நிறமே ஏறவில்லை.

மேலாளர்: தாள் பழையதாக இருக்கும்.

பராமரிப்பாளர்: இன்று காலை நாகர்கோவிலில் வாங்கி இங்கே வந்து உறை பிரித்த தாள்.

மேலாளர்: அப்படியானால் புதியது என்பதால் இன்னும் பழகவில்லை. பதிவேடு நான்கு வருடமாக இருக்கிறது. ஒரு தடவைகூடத் தவறான எண்ணைக் காட்டியதில்லை.

(கழிப்பறைக் கதவின் பின்னால் மணிக்கொரு கையெழுத்தாகத் தொங்கும் துப்புரவு அட்டையைப் படித்தவர்களுக்கு இந்த மேலாளரை ஏற்கெனவே தெரிந்திருக்கும். மாலை ஆறு மணிக்குரிய கையெழுத்து காலை பத்து மணிக்கே அதில் காய்ந்து கிடக்கும்.)

பராமரிப்பாளர்: அவ்வளவு சுத்தமான பதிவேடு என்றால் விருந்தினரை அதிலேயே இறக்கிவிடுங்கள், அண்ணாச்சி. தொட்டிக்குள் இறங்கியவர்களுக்குப் போன வாரம் உடம்பு தடித்தது என்றுதானே என்னைக் கூப்பிட்டீர்கள்?

மேலாளர்: தடித்தது உண்மை. ஆனால் அவர்கள் மதியம் நெய்மீன் கறி சாப்பிட்டிருந்தார்கள்.

பராமரிப்பாளர்: நெய்மீனுக்கு நீச்சலுடையின் அளவு தெரியாது. கிருமிநாசினி குறைந்த வெந்நீரில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா பெருகி மயிர்க்கால்களில் புகுந்துகொள்ளும். நனைந்த துணி ஒட்டிக் கிடக்கும் இடத்தில்தான் அந்தத் தடிப்பு கூடுதலாகத் தெரியும். புரோமின் மாத்திரை போடுகிற மிதவையை எங்கே காணவில்லை?

மேலாளர்: விருந்தினர் எடுக்கும் படங்களில் எல்லாம் அந்த நீல டப்பா முன்னால் வந்து நிற்கிறது என்பதால் எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

பராமரிப்பாளர்: மூடியையும் பரண்மேல் வைத்துவிட்டீர்களோ?

மேலாளர்: உதயமும் அஸ்தமனமும் ஒரே இடத்தில் காணக் கிடைக்கிற கன்னியாகுமரியில், மொட்டைமாடித் தொட்டியை மூடி வைத்தால் யார் காசு கொடுப்பார்கள்?

பராமரிப்பாளர்: நீச்சல் குளத்துக் குளோரினையாவது சயனூரிக் அமிலம் போட்டு வெயிலிலிருந்து ஓரளவு காக்கலாம், புரோமினுக்கு அந்தக் குடை கிடையாது. உங்கள் தொட்டியில் சூரியன் உதிக்கும்போதே புரோமின் அஸ்தமித்துவிடுகிறது.

மேலாளர்: புரோமின் கடல் நீரிலேயே இருக்கிறதாமே! முக்கடலும் கூடுகிற ஊரில் இருந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? நான்கு குடம் மொண்டு ஊற்றினால் போயிற்று.

பராமரிப்பாளர்: கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் இருப்பது புரோமைடு, அது வெறும் உப்பு. மீனும் நண்டும் அதற்குள்தான் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகின்றன. கிருமி மட்டும் எதற்குப் பயப்பட வேண்டும்? ஆக்சிஜனேற்றி ஒன்றைச் சேர்த்த பிறகே புரோமைடு கிருமியைக் கொல்லும் புரோமினாக மாறும். கடல் நீரையே ஊற்றினால் அதிலுள்ள உப்பு முதலில் கொல்வது உங்கள் ஹீட்டரைத்தான்.

மேலாளர்: சரி, வேண்டியதை எல்லாம் வாளியில் கலந்து ஒரேயடியாகக் கொட்டிவிடுங்கள், மக்களே. ஆறு மணிக்கு ஆள் வருகிறது.

பராமரிப்பாளர்: வாளியில் கலந்தால் ஆறு மணிக்குத் தீயணைப்பு வண்டி வரும். அமிலத்தையும் ஆக்சிஜனேற்றியையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. தடிப்பு வந்த தொட்டி என்பதால் முதலில் நீர் முழுவதையும் வெளியேற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியையும் மாற்ற வேண்டும். இந்தக் கிணற்று நீருக்கே காரத்தன்மை கூடுதல். தொட்டிக்குள் நீரைப் பீய்ச்சும் ஜெட் ஓடும்போது நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுவதால், காரத்தன்மை மிகுந்த நீரில் பி.எச். ஏறிக்கொண்டே போகும். ஆகவே புது நீரை நிரப்பியதும் சோடியம் பைசல்பேட் என்னும் அமில உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் காரத்தன்மையை 80க்கும் 120க்கும் நடுவில் கொண்டுவந்து, அதற்குள் பி.எச். அதிகமாக இறங்கிவிட்டால் அதே ஜெட்டை ஓடவிட்டு 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிறுத்தி, அதன்பிறகுதான் சோடியம் புரோமைடும் ஆக்சிஜனேற்றியும் தனித்தனியே போட்டுப் புரோமினை 3 முதல் 5 பி.பி.எம். வரை ஏற்ற வேண்டும். நாளை சாயங்காலத்துக்கு முன்னால் யாரும் இறங்கக்கூடாது.

மேலாளர்: நாளை 7.4தான் வரும் என்பதை நான் இப்போதே பதிவேட்டில் காட்டுகிறேனே!

பராமரிப்பாளர்: பஞ்சாங்கத்தை மூடுங்கள், அண்ணாச்சி. முதலில் இன்றைய கட்டத்தில் 8.4 என்று எழுதுங்கள்.

மேலாளர்: அது நடக்காது. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. பதிவேட்டைத் தண்ணீருக்கு ஏற்ப மாற்றுவதற்கு நீங்கள் எதற்கு? தண்ணீரைப் பதிவேட்டுக்கு ஏற்ப மாற்றத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?

பராமரிப்பாளர்: முதலாளி இந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறாரா?

மேலாளர்: அவர் துபாயில் இருக்கிறார். மாதம் பிறந்தால் பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார். ஒரு மாதம் உண்மையாகவே அளந்து, 7.9, 8.1 என்று எழுதி அனுப்பினேன். ‘இதற்கு முன்னால் ஒழுங்காகத்தானே வைத்திருந்தீர்கள், இப்போது என்ன ஆயிற்று?’ என்று கேட்டு அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார். அன்றிலிருந்து இங்கே தண்ணீர் ஒழுங்காக இருக்கிறது.

பராமரிப்பாளர்: அப்படியானால் இந்தத் தொட்டியில் முதலில் அவரை இறக்க வேண்டும். எது எப்படியிருந்தாலும், ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மேலாளர்: உங்களை யார் போடச் சொன்னது? உங்கள் கையெழுத்தை முப்பது நாளுக்கும் போட்டாயிற்று. உங்களுடையதைப் போல இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.