ஆறு துளை இருந்தால் ஆறையும் செருகுவதா?

தீபாவளிக்கு முதல் நாள் இரவு அம்மா வீட்டுச் சமையலறையில் ரப்பர் கருகும் வாடை. ரப்பர் பாலைப் பதப்படுத்தும் பாலாலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை புதிதல்ல என்று அத்தை சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது. எக்ஸ்டென்ஷன் கம்பியைத் தொட்டேன். கை பொத்துப்போகும் சூடு.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை உடைத்த பிறகு கிடைத்த வீடு அது. சமையலறைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதனால் ஆறு துளை எக்ஸ்டென்ஷன். அதில் கெட்டில், ரைஸ் குக்கர், புதுத்துணி தேய்க்க இஸ்திரிப் பெட்டி, மூன்றும் ஒரே நேரத்தில்.

ஏன் ஒருவரும் கணக்குப் போடுவதில்லை? வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். அவ்வளவுதான்! நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கெட்டிலின் அடியில் 220-240 வோல்ட், 1850-2200 வாட் என்று அச்சடித்திருக்கிறது. 230 வோல்ட்டில் எத்தனை வாட் என்று அதில் இல்லை. அதனால் முதலில் மின்தடை: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 220ஐ 220ஆல் பெருக்கி 1850ஆல் வகுத்தாலும், 240ஐ 240ஆல் பெருக்கி 2200ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 26.2 ஓம்தான் வருகிறது. அதுதான் அந்தக் கெட்டிலின் மின்தடை. 230ஐ அதனால் வகுத்தால் 8.8 ஆம்பியர். 700 வாட் குக்கருக்கு 3, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3. கூட்டினால் 16க்கு மேல். ஐந்தாம் படிவத்தில் இதே கணக்கைப் பக்கம் பக்கமாகப் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கிய என் தம்பிதான் அந்த மூன்றையும் செருகியவன்! தேர்வுத் தாளில் வரும் கெட்டிலுக்கு மட்டும்தான் மின்தடை உண்டா?

"பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே அண்ணா, அதிகமானால் அறுந்துவிடும்" என்கிறான். அறுந்ததா? 13 ஆம்பியர் ஃபியூஸ் 13ஐத் தாண்டிய கணமே அறுவதில்லை. 16 ஆம்பியரை அது நெடுநேரம் தாங்கும். அதற்குள் கம்பி வெந்துவிடும். நாங்கள் வாங்கிய கம்பியின் குறுக்குப் பரப்போ 0.75 சதுர மில்லிமீட்டர். 6 ஆம்பியருக்கு மேல் அதில் ஓடக் கூடாது. ஓட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். 6க்கு உரிய கம்பியில் 16 ஓடினால் ஏழு மடங்கு! சுருட்டிக் கட்டி அரிசி வாளிக்குப் பின்னால் வேறு ஒளித்து வைத்திருந்தார்கள், பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதாம். அந்தச் சூடு எங்கே போகும்?

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். விடியற்காலையில் ரப்பர் பால்மரம் சீவப் போய் எங்களைப் படிக்க வைத்தவர். படித்த நாங்கள் ஒரு வகுத்தல் கணக்கைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டு வரவில்லையே என்பதுதான் என்னை அறுக்கிறது.

பண்டிகை முடிந்ததும் வாங்கிய கடைக்கே போனேன். அதே கம்பிகள் வரிசையாகத் தொங்கின. இது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேட்டேன். "பதின்மூன்று. பிளக்கிலேயே எழுதியிருக்கிறதே" என்றார் கடைக்காரர். அது ஃபியூஸின் எண் ஐயா, கம்பியின் எண் அல்ல என்று சொல்லி, கம்பியின் மேல் பொடி எழுத்தில் இருந்த 0.75ஐ விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு, அதை மீண்டும் அதே கொக்கியில் மாட்டினார்.