வாடகை மட்டும் பார்த்தால் போதுமா?

முதியவர்கள் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்குக் குடியேறுவதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவர்களுடைய வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் வீடு கட்டுப்படியாகும் என்கிறது அது. வருவதே சொற்பம் என்றால் மீதி 70 சதவீதமும் சொற்பம்தானே! மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் போக என்ன மிஞ்சும்? பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓய்வூதியம் அசையாமல் நின்றாலும் அந்தக் கட்டணம் ஏறிக்கொண்டேதான் போகும்.

என் அம்மாவுக்கு, வாடகை குறைவு என்று மூன்றாம் மாடியில் வீடு எடுத்தோம். லிஃப்ட் உண்டு, ஆனால் பழுதானால் சரிசெய்யப் பத்து நாள். படிக்கட்டுத் திருப்பம் ஒவ்வொன்றிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்த படி ஏறுவார். குளியலறை வாசலில் இரண்டு அங்குல மேடு வேறு. சக்கர நாற்காலி நுழைய 80 சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். அங்கே வாக்கரே இடித்தது.

வீடு பார்க்கப் போகிறவர்கள் அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். கழிப்பறைச் சுவரில் பிடிகம்பி பொருத்தலாமா என்று கேட்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் குடிபோன பிறகு கேட்டோம். சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் உரிமையாளர்.