டோயிங் செலவு அடிப்படை பாலிசியிலேயே உண்டு

சாலையோர உதவிக்கான கூடுதல் காப்பீடு எடுக்காதவருக்கு, மோதி நின்றுபோன காரை இழுத்துச் செல்லும் செலவில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். தனியார் கார்களுக்கான வழக்கமான முழுமைக் காப்பீட்டிலேயே, விபத்தால் ஓட முடியாமற்போன வண்டியைப் பாதுகாத்து, அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசேர்த்து, பழுது நீங்கியபின் உரிமையாளரிடம் ஒப்படைக்க, ஒரு விபத்துக்கு மொத்தம் 1,500 ரூபாய் வரை தரும் விதி உள்ளது (மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு இது இல்லை). கத்திப்பாராவிலிருந்து அம்பத்தூர் வரை இழுத்துச் செல்ல இத்தொகை போதாமற்போகலாம். ஆனாலும் விட்டுவிட வேண்டிய பணமன்று. ஐயமிருப்பவர்கள், சுருக்கமான சான்றிதழை விடுத்து, பாலிசியின் முழு விதிமுறை ஆவணத்தில் சொந்த வாகனச் சேதம் பற்றிய முதல் பிரிவைத் திறந்து, தேய்மான அட்டவணையைத் தாண்டிப் படித்தால் இந்த வரியைக் காணலாம். டோயிங் ரசீதை மட்டும் மறக்காமல் வாங்கி, கிளெய்முடன் இணைத்துவிடுங்கள்.