அழுதது அந்த மாணவியின் குறை இல்லை

மருத்துவக் கல்லூரி வார்டில் ஒரு மாணவியைத் திட்டிய அந்த ஆடியோ எல்லார் கைக்கும் வந்து சேர்ந்துவிட்டது, அதனால் நடந்ததை மறுபடி விவரிக்கவில்லை. நோயாளி இறந்ததும் வார்டிலேயே அழுதுவிட்ட மாணவியிடம், அத்தனை பேர் முன்னால், "இதுக்கே அழுதா நீ எதுக்கு டாக்டருக்குப் படிக்க வந்தே?" என்று ஒரு சீனியர் மருத்துவர் கேட்டார். அந்தக் கேள்வியைவிட என்னை உறுத்துவது அந்த ஆடியோவுக்குக் கீழே கமெண்ட்களில் அவருக்குக் குவிந்த ஆதரவு. "உண்மையைத்தானே சொன்னார்." "இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தியே இல்லை." "எங்களை இதைவிட மோசமாகத் திட்டினார்கள், நாங்கள் உருப்படவில்லையா?" இப்படி எழுதியவர்களில் பலர் மருத்துவர்கள் என்பதுதான் வலிக்கிறது.

உணர்ச்சியைக் கையாள்வது பிறவிக் குணம் இல்லை. அது ஒரு திறன். கற்றுக்கொடுக்காத திறனை ஒரு மாணவியிடம் எதிர்பார்ப்பதே தவறு, அது இல்லையென்று அவமானப்படுத்துவது அதைவிடப் பெரிய தவறு.

நரம்பில் ஊசி ஏற்ற எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம்? முதலில் பார்க்கச் சொல்கிறோம். அடுத்து பொம்மைக் கையில் பழகவிடுகிறோம். பிறகு சீனியர் பக்கத்தில் நிற்க, நோயாளிக்குப் போடவைக்கிறோம். நரம்பு வழுக்கினால் தோலை இழுத்துப் பிடி, சாய்வைக் குறை என்று அந்த இடத்திலேயே திருத்துகிறோம். முதல் முறை தவறினால் "நீ டாக்டராகவே லாயக்கில்லை" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மரணத்தின் முன்னால் எப்படி நிற்பது, உறவினரிடம் எப்படிச் சொல்வது, சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு எப்படிப் போவது என்பதெல்லாம் மட்டும் தானாக வந்துவிட வேண்டுமாம்.

சலோவே, மேயர் என்ற இரு உளவியலாளர்கள் 1990-லேயே உணர்வுசார் அறிவை ஒரு திறனாக வரையறுத்தார்கள். பின்னர் அதை நான்காகப் பிரித்தார்கள்: தன்னிடமும் பிறரிடமும் உணர்ச்சியை அடையாளம் காண்பது, சிந்தனைக்கு அதைப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்து எப்படி மாறும் என்று புரிந்துகொள்வது, கடைசியாகக் கையாள்வது. வரிசையைக் கவனியுங்கள். நாம் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் கேட்கிறோம். அதிலும் நாம் கேட்பது கையாளுதல்கூட இல்லை, அடக்குதல்.

அடக்கினால் என்ன ஆகும் என்பது ஆய்வுக்கூடத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது. முகத்தில் காட்டாமல் இருந்தால் உள்ளே உணர்ச்சி குறைவதில்லை. இதய, ரத்தநாள இயக்கத்தில் அழுத்தம் கூடுகிறது. அந்த நேரத்தில் காதில் விழுந்த தகவல் நினைவில் சரியாகத் தங்குவதும் இல்லை. வார்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். கல் மாதிரி நிற்கப் பழகிய மாணவர், ரவுண்ட்ஸில் சீஃப் சொன்ன மருந்தளவைத் தவறவிடலாம், நோயாளி சொன்ன அறிகுறியை மறந்துவிடலாம். நீங்கள் "உறுதி" என்று பாராட்டுவது நோயாளிக்கும் ஆபத்து.

உடனே வரும் பதில் தெரியும்: "சிபிஆர் நடக்கும்போது டாக்டர் அழுதுகொண்டிருந்தால் நோயாளியை யார் பார்ப்பது?" நின்றுபோன இதயத்தை மீட்க நெஞ்சை அழுத்தும் முதலுதவிதான் சிபிஆர். நியாயமான கேள்வி. சிபிஆர் நடக்கும்போது அழக் கூடாதுதான். அங்கே தேவைப்படுவது தள்ளிவைத்தல்: இப்போது கை வேலை செய்யட்டும், இதைப் பிறகு பார்க்கிறேன் என்பது. தள்ளிவைத்ததற்கு "பிறகு" என்று ஒரு நேரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தைத் தராத வார்டில் தள்ளிவைத்தல் அடக்குதலாகவே முடியும். அந்தப் பெண் எல்லாம் முடிந்த பிறகுதானே அழுதாள்?

அந்த "பிறகு"க்குப் பத்து நிமிடம் போதும். யூனிட்டில் ஒரு சீனியர், இறப்புக்குப் பின் அன்றைய டூட்டி முடிவதற்குள், இருந்தவர்களைத் தனி இடத்துக்கு அழைக்க வேண்டும். என்ன நடந்தது, ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று மருத்துவக் காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். "நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனோ" என்ற கேள்வி பெரும்பாலும் மாணவர்களை அரித்துக்கொண்டிருக்கும், அதற்குப் பதில் இதில்தான் கிடைக்கிறது. அடுத்து, சீனியர் தனக்கு எப்படி இருந்தது என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். பேச விரும்புகிறவர் பேசலாம். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே உதவுகிறது. பயம், கோபம் என்று சொல்லால் குறிக்கும்போது மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் எழுச்சி தணிவதை 2007-ல் வந்த ஸ்கேன் ஆய்வு காட்டியது. ஆனால் வற்புறுத்திப் பேசவைக்கக் கூடாது. அதிர்ச்சிக்குப் பின் எல்லாரையும் ஒரே அமர்வில் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லும் முறை பலன் தந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கிறது. கடைசியாக, இன்றிரவு யார் தனியாக இருக்கப்போகிறார் என்று கேட்டுவைத்து மறுநாள் அவரை விசாரிக்க வேண்டும். இவ்வளவுதான். யாரையும் திட்டாமலே செய்யலாம்.

கெட்ட செய்தி சொல்வதற்கும் 2000-லிருந்து ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை இருக்கிறது. இடத்தைத் தயார்செய்வது, செய்தியைக் கேட்கப்போகிறவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொல்லில் சொல்வது, அவர் உணர்ச்சிக்கு ஈடுகொடுப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. மாணவர்கள் சறுக்குவது ஐந்தாவதில். எதிரில் இருப்பவர் உடைந்ததும் பதற்றத்தில் சிகிச்சை விவரங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் காதில் ஏறாது. அங்கே வாய் மூடி இருப்பதைத்தான் பழக வேண்டும். பாடம் கேட்டால் வராது, நடித்துப் பார்த்தால்தான் வரும்.

"நாங்கள் உருப்படவில்லையா?" என்பவர்களுக்கு: 2016-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 43 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள். 11.1 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம். மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்தவர்களில் மனநலச் சிகிச்சை நாடியவர்கள் 15.7 சதவீதம் மட்டுமே. நீங்கள் தாங்கிவிட்டீர்கள், சரி. உங்கள் வகுப்பில் தாங்க முடியாமல் போனவர்கள் இங்கே வந்து கமெண்ட் போடப்போவதில்லை.

"டாக்டருக்குத் தன்னைவிட நோயாளிதான் முக்கியம்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் மருத்துவர்கள் எடுக்கும் ஜெனீவா உறுதிமொழியின் 2017 வடிவத்தைப் படித்துவிட்டு வாருங்கள். மிக உயர்ந்த தரத்தில் சிகிச்சை தருவதற்காகத் தன் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவேன் என்ற வரி அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதும் கல்லூரிகள் செய்வது என்ன? மன உறுதி பற்றி ஒரு மணி நேரச் சொற்பொழிவு, வருகைப்பதிவு கட்டாயம். இரவு டூட்டி முடித்து வந்தவர்களும் அதில் உட்கார வேண்டும். தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு நிம்மதியைப் பற்றி வகுப்பெடுப்பது கொடுமை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் வேறு வழியில் தொடங்கினார்கள். முதலில் பாடத்திட்டத்தைத் திருத்தினார்கள்: ஆரம்ப ஆண்டுகளில் தரவரிசையை விட்டுத் தேர்ச்சி, தோல்வி மட்டும், வகுப்பு நேரத்தில் பத்து சதவீதம் குறைப்பு, மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி ஆசிரியர்களோடு இணைப்பு. மனப்பயிற்சி வகுப்பு அதற்குப் பிறகுதான். முதலாண்டு மாணவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாக 2014-ல் வெளியிட்டார்கள். மாணவரைத் திருத்துவதற்கு முன் கல்லூரி தன்னைத் திருத்திக்கொண்டது.

இப்போது அந்தப் பெண்ணை "கவுன்சலிங்குக்கு அனுப்பியிருக்கிறோம்" என்கிறார்கள். தண்டனை மாதிரி அனுப்பினால் அடுத்தவர் யாரும் தானாகப் போக மாட்டார். உண்மையிலேயே உதவ வேண்டுமென்றால், ஆலோசகர் மாணவருக்கு மதிப்பெண் போடுகிறவராக இருக்கக் கூடாது. குறிப்புகள் டீனின் மேசைக்குப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே வெளியே சொல்வோம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்விப் படிவம் கொடுத்தால், சாவது மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்று கேட்கும் ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே நேரில் பேச வேண்டும். தற்கொலை பற்றிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பயந்து அந்தக் கேள்வியைத் தாண்டிவிடாதீர்கள், கேட்பது தூண்டுவதில்லை. திட்டியவரையும் அழைத்து, வார்டில் மாணவரிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுங்கள். இந்தத் திறன் முதலில் தேவைப்படுவது அவருக்குத்தான்.